குறியிட்ட எழுத்துகளும் சிறப்புக் குறிகளும்: நீண்டகாலத் தட்டச்சு அனுபவம்

பல ஐரோப்பிய மொழிப் பெயர்கள் அடுத்தடுத்து வரும் நூற்பட்டியல்களையும் பெயர் அடைவுகளையும் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்ப்பது என் அன்றாட வேலை. மேலே சாய்கோடோ இரட்டைப் புள்ளியோ தாங்கி வரும் ரோமன் எழுத்துகளையும், பாகை, பெருக்கல் முதலிய குறிகளையும் சாதாரண ஆங்கில விசைப்பலகையில் உள்ளிடுவதற்கு உள்ள வழிகளில் பெரும்பாலானவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையின் தரம் முதல் நாளில் தெரிவதில்லை. வேலை குவிந்து கை சோர்ந்திருக்கும் நேரத்திலும், குறியை விட்டுவிட்டு வெற்றெழுத்தைத் தட்டத் தோன்றாத அளவுக்கு அது எளிதாக இருக்கிறதா என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

விண்டோஸில் பலரும் முதலில் கற்பது ஆல்ட் எண் முறை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, வலப்புற எண் விசைகளில் 0233 என்று தட்டினால் சாய்கோடிட்ட சிறிய ரோமன் 'ஈ' (é) வரும். 130 என்று தட்டினாலும் பெரும்பாலும் அதே எழுத்து வரும். முன்னால் பூச்சியம் இருந்தால் விண்டோஸ் 1252 என்னும் குறியீட்டுப் பட்டியலிலிருந்தும், இல்லாவிட்டால் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து 437 அல்லது 850 பட்டியலிலிருந்தும் எழுத்து எடுக்கப்படுவதே இதற்குக் காரணம். அடிக்கடி தேவைப்படும் சில எண்கள் விரைவில் மனத்தில் படிந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தேட வேண்டும். தனி எண் விசைகள் இல்லாத மடிக்கணினியில் இம்முறை ஏறத்தாழப் பயனற்றது.

இதைவிடப் பெரிய சிக்கல் 255-க்கு மேற்பட்ட எண்களில் இருக்கிறது. ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் எர்டோஷின் பெயரில் உள்ள 'ஓ' (ő) எழுத்தின் மேல் இருப்பவை இரண்டு புள்ளிகள் அல்ல, இரண்டு சாய்கோடுகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு பட்டியலில் அதன் எண் 337. அதை 0337 என்று தட்டும்போது சில செயலிகளில் சரியான எழுத்து கிடைக்கிறது. வேறு சிலவற்றில் 256 கழிக்கப்பட்டு, மீதமுள்ள 81-க்கு உரிய 'கியூ' வந்து நிற்கிறது. தர்க்கவியலாளர் குர்த் கோடெலின் பெயரில் வரும் இரட்டைப் புள்ளி 'ஓ'வை (ö) எர்டோஷுக்கும் இட்டுவிடுவது அச்சில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. ஒருவர் பெயரை அவருடைய மொழியில் எழுதுவதுபோல எழுதுவது அவருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருவியின் வசதிக்குறைவு அதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

அடுத்து, யுஎஸ் இன்டர்நேஷனல் விசையமைப்பு. இதில் ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் முதலிய விசைகள் 'டெட் கீ'களாக மாறுகின்றன: குறியை முதலில் தட்டினால் எதுவும் தோன்றாது, தொடர்ந்து எழுத்தைத் தட்டியதும் இரண்டும் சேர்ந்து வரும். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், போர்ச்சுகீஸ் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் மேற்கோளைத் தொடங்கி உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தட்டும்போது, மேற்கோள் மறைந்து அந்த எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி ஏறிவிடும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு மேற்கோளுக்குப் பின்னும் இடைவெளி விசையைத் தட்ட வேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு இது பெருந்தொல்லை. வலது ஆல்ட் விசையுடன் எழுத்தைச் சேர்த்து அழுத்தும் வழியும் இதே அமைப்பில் உண்டு. நான் பெரும்பாலும் அதையே பயன்படுத்தினேன். ஆயினும் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் பெயரில் 'ஆர்' மேல் வரும் கொக்கியையோ, இந்திய மொழிகளை ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது தேவைப்படும் நெடில் கோட்டையும் கீழ்ப்புள்ளியையுமோ இந்த அமைப்பு தருவதில்லை.

மேக் கணினியில் ஆப்ஷன் விசையோடு 'ஈ'யைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டினால் சாய்கோடு சேரும். 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து, எழுத்து விசையை அழுத்தியபடி இருந்தாலே தெரிவுகள் மேலே விரிகின்றன. எப்போதாவது தட்டுபவருக்கு அது போதுமானது. தொடர்ந்து தட்டுபவருக்கு அந்தக் காத்திருப்பு கனக்கும். கீழ்ப்புள்ளியும் நெடில் கோடும் வேண்டுவோர் ஏபிசி எக்ஸ்டெண்டட் அமைப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

நான் இறுதியில் நிலைத்தது கம்போஸ் விசையில். 1983-இல் டிஇசி என்னும் கணினி நிறுவனத்தின் விடி220 முனையத்துடன் வந்த விசைப்பலகையில் இடம்பெற்ற இந்த விசை, இன்று லினக்ஸில் ஓர் அமைப்புத் தெரிவாகவே கிடைக்கிறது. விண்டோஸில் வின்கம்போஸ் என்னும் திறமூலச் செயலி அந்த வேலையைச் செய்கிறது. கம்போஸ், ஒற்றை மேற்கோள், 'ஈ' என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் சாய்கோடிட்ட எழுத்து வரும். சமக்குறியும் 'ஓ'வும் எர்டோஷின் எழுத்தைத் தரும். இடக்கோணக் குறியும் 'ஆர்' எழுத்தும் ட்வோர்ஷாக்கின் கொக்கியைத் தரும். வியப்புக்குறியுடன் தட்டினால் கீழ்ப்புள்ளி, அடிக்கோட்டுடன் தட்டினால் நெடில் கோடு. இங்கே எண்ணை நினைவில் வைக்க வேண்டியதில்லை. எழுத்தின் உருவமே தட்ட வேண்டிய விசைகளைச் சொல்லிவிடுகிறது. விரல்களை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் சிரமமும் இல்லை. நெடுநேரம் தட்டுபவரின் மணிக்கட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

குறிகளிலும் கவனம் வேண்டும். பாகைக் குறியும், ஸ்பானிஷ் மொழியில் வரிசையெண்ணோடு வரும் மேலெழுத்து 'ஓ'வும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே; ஆனால் இரண்டும் வேறு. கம்போஸுக்குப் பின் இரண்டு முறை 'ஓ' தட்டினால் சரியான ° வரும். இரண்டு முறை 'எக்ஸ்' தட்டினால் உண்மையான பெருக்கல் குறி × வரும்.

எந்த வழியில் தட்டினாலும் ஒன்றைச் சோதித்துக்கொள்வது நல்லது. சாய்கோடிட்ட 'ஈ'யை 233 என்ற ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். 101 என்ற வெற்றெழுத்தும் 769 என்ற தனிக்குறியுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரே பெயர் இருவகையிலும் ஒரு பட்டியலில் கலந்துவிட்டால், சில செயலிகளில் தேடும்போது ஒரு வகை மட்டுமே அகப்படும். அகரவரிசையிலும் அவை பிரிந்து நிற்கக்கூடும். வேறிடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பெயர்களில்தான் இதை மிகுதியாகக் கண்டிருக்கிறேன். அதனால் பட்டியல் முடிந்ததும், முழுக் கோப்பையும், எழுத்தையும் குறியையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே அகரவரிசைப்படுத்துகிறேன்.