தங்கசாலை பிரேம் கடை – அம்மன் நிறத்த மாத்தாம குடுத்தாங்க

ஆயா ரூம்ல இருந்த அங்காளம்மன் படம் போன மழையில தண்ணி பட்டு ஓரமெல்லாம் ஊதிப்போச்சு. கருப்பு முகம், துருத்துன நாக்கு, நெத்தி நெறைய குங்குமம், தாத்தா மேல்மலையனூர்ல வாங்குனது. மொதல்ல வண்ணாரப்பேட்டைல ஒரு கடையில ஸ்கேன் பண்ணி புதுசா போட்டுத்தாங்கன்னு குடுத்தேன், வாங்கிப் பாத்தா முகத்த ரோஸ் கலராக்கி நாக்க எடுத்துட்டு சிரிக்க வச்சிருக்காங்க, கேட்டா "எல்லாரும் செவப்பாதான் கேக்குறாங்க, அதான் லட்சணமா இருக்கும்"னாங்க. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, எங்க ஆயாவும் அதே கருப்புதான்.

அப்புறம்தான் தங்கசாலைல இந்த கடை. அண்ணா படத்த வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாத்துட்டு "நிறத்துல கை வைக்கமாட்டேன்மா, கறைய மட்டும் எடுக்குறேன்"னாரு.

காத்திருந்த நேரம் செவுத்துல மாட்டியிருந்ததயே பாத்துட்டிருந்தேன். ரவிவர்மா 1896ல வரைஞ்ச லட்சுமி, சரஸ்வதி. 1894ல அவர் பம்பாய்ல அச்சகம் போட்டப்புறம்தான் இந்த மாதிரி படம்லாம் வீடு வீடா போச்சு. அத குறை சொல்ல எனக்கு மனசு வரல, மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளயே 1939 வரைக்கும் எத்தனையோ சாதிக்காரங்கள விடலயே, அந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் சாமி படமாதான வந்துச்சு. ஆனா செவப்பா இருந்தாதான் லட்சுமிங்கறதும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. பக்கத்துல பாரத மாதா, சிங்கமும் கொடியுமா. 1905ல வங்காளத்த பிரிச்ச நேரத்துல அவனீந்திரநாத் தாகூர் வரைஞ்ச பாரத மாதா கையில ஏடு, நெற்கதிர், வெள்ளத்துணி, ஜபமாலை, அவ்ளோதான். நாட்டுல என்ன நடக்குதோ அதுக்கேத்த மாதிரி அவ கையில இருக்கறதும் மாறுது. 2017ல நம்ம சென்னைக்காரங்க ரெண்டு பேர் கருப்பு பொண்ணுங்கள லட்சுமி, சரஸ்வதியா நிக்க வச்சு 'டார்க் இஸ் டிவைன்'னு போட்டோ எடுத்தாங்களே, அது செவுத்துல மாட்டுற படமா வந்தா மொத ஆளா வாங்குவேன்.

மொத பிரிண்ட்ல கருப்பு அடைஞ்சுபோய் மூக்குத்தியே தெரியல, அண்ணாவே வேணாம்னுட்டு மேட் பேப்பர்ல திரும்ப போட்டாரு, அதுக்கு காசு வாங்கல. தேக்கு பிரேம், கண்ணாடி, பின்னாடி பிளைவுட் எல்லாம் சேத்து 1,100 ரூபா. மூணு நாள்னு சொல்லி ஆறு நாள் ஆச்சு, அது ஒண்ணுதான் குறை. கொக்கி ஒண்ணுதான் அடிப்பாங்க, கனமான படம்னா ரெண்டா கேட்டு வாங்கிக்குங்க.

ஆயா கண்ணாடிய முந்தானையால தொடச்சுட்டு மூக்குத்திய தொட்டு பாத்துச்சு, "இவதான்டி"ன்னுச்சு.