பழைய லேத்துக்கு மோட்டாரும் ட்ரைவும் வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் மோட்டாரும் ட்ரைவும் வாங்கிய கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபம் ஆறிவிட்டால் நானும் எல்லோரையும் போல விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். 18,500 ரூபாய் போய்விட்டது. வாங்கி இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின், அப்பாவுடையது. பட்டாலாவில் செய்தது, நாலரை அடி பெட், ஸ்டெப் புல்லி, பேக் கியர். அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர், ஒரு பட்டறையை மூடும்போது விலை பேசி வாங்கி, அயனாவரம் வீட்டின் பின்கட்டில் இறக்கினார். அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். கரும்பு ஜூஸ் மெஷினுக்கு கன்மெட்டல் புஷ், மாவு மில்லுக்கு ஷாஃப்ட் என்று அக்கம்பக்கத்து வேலைகள்தான். வீட்டில் சிங்கிள் பேஸ் லைன். மோட்டார் ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ், சுவிட்சைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் ஒரு முறை மங்கி எழும். வேகம் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் பெல்ட்டை ஏற்றி இறக்க வேண்டும்.

வி.எஃப்.டி. போட்டால் இரண்டும் தீரும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் இந்தக் கருவியைத்தான் ட்ரைவ் என்கிறோம். சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி, மோட்டாருக்கு மூன்று பேஸாகக் கொடுக்கும். மெதுவாக ஸ்டார்ட் ஆகும், திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். இது நன்றாக வேலை செய்கிற ஏற்பாடுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏமாற்றியது மனிதர்கள்.

பாரிமுனைப் பக்கம் பழைய மோட்டார், ட்ரைவ் வாங்கி விற்கும் கடை ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. போனதும் கடைக்காரர் உட்காரவைத்து டீ சொன்னார். அப்பாவின் லேத் என்றதும், "தம்பி, நானும் எட்டு வருஷம் லேத்துல நின்னவன்தான். அப்பா மெஷினுக்குத் தப்பான சாமான் கொடுப்பேனா?" என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அப்பாவின் கூட்டாளி யாரோ பேசுவது போலவே இருந்தது.

2 ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டார் 6,500 ரூபாய். "2.2 கிலோவாட்" ஸ்டிக்கர் ஒட்டிய ட்ரைவ் 12,000. மோட்டாருக்குப் புதுப் பெயின்ட், ஆனால் நேம் பிளேட் இல்லை. கேட்டதற்கு, "பெயின்ட் அடிக்கும்போது கழட்டினது. டெல்டா கனெக்‌ஷன்தான், 230க்கு அப்படியே போடலாம்" என்றார். டெல்டா என்றால் மோட்டாரின் மூன்று சுற்றுகளும் முக்கோணமாகச் சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் முழு வோல்ட்டும் கிடைக்கும். மேஜையில் வைத்து ஓட்டியும் காட்டினார். டிஸ்பிளேயில் 50 ஹெர்ட்ஸ். சத்தமே இல்லாமல் சுற்றியது. "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்கு எதுக்கு?" என்றார். சரி என்று ஜிபேயில் 18,500 அனுப்பினேன்.

வீட்டில் மாட்டி, சும்மா ஓட்டினால் கடையில் பார்த்தது போலவே ஓடியது. 40 மில்லி ராடில் ஒரு மில்லி கட் கொடுத்தேன். ராடைப் பிடித்துச் சுழற்றும் சக் திணறி நின்றது, ட்ரைவ் ஓவர் கரண்ட் என்று ட்ரிப் ஆனது. அரை மில்லி கொடுத்தாலும் அதேதான். பழைய ஒரு ஹெச்.பி. மோட்டார் இதைவிட நன்றாக இழுத்தது.

போன் செய்தேன். "பாராமீட்டர் தப்பா போட்டிருப்பீங்க தம்பி." அவர் சொன்னபடி மாற்றினேன், பயனில்லை. மறுநாள், "பெல்ட் டைட்டா இருக்கும்." தளர்த்தினேன். சக் நிற்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் மதுரை போயிருக்காரு" என்கிறான். உள்ளே அவர் குரல் எனக்குக் கேட்கிறது!

அதன் பிறகுதான் வில்லிவாக்கத்தில் வைண்டிங் கட்டும் பெரியவர் ஒருவரிடம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். டெர்மினல் பாக்ஸைத் திறந்தவுடனே சொல்லிவிட்டார். வெளியே வருவது மூன்றே வயர். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில், அதாவது மூன்று சுற்றுகளின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டியது, ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே புதைந்திருக்கிறது. நம் ஊர் சின்ன மோட்டார்கள் பலவும் இப்படித்தானாம். 240 வோல்ட் கேட்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த ட்ரைவிலிருந்து 133 வோல்ட்தான் போகிறது. டார்க், அதாவது சுழற்றும் விசை, மூன்றில் ஒரு பங்குகூட வராது. லோடு இல்லாமல் சுற்றும். அதைத்தான் கடையில் காட்டினார். தெரிந்தேதான் காட்டியிருக்கிறார்.

முடிச்சைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்து டெல்டா போடலாம் என்றார் பெரியவர். அப்படிப் போட்டால் மோட்டார் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். ட்ரைவ் தாங்குமா என்று பார்க்க ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். கீழே இன்னொரு ஸ்டிக்கர்: 0.75 கிலோவாட். இந்த மோட்டாரை அது தாங்காது. எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று இரண்டையும் கட்டித் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை அவரே இருந்தார். "பில் இருக்கா?" நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றேன். "ஒரு தடவை பவர் கொடுத்த சாமான் ரிட்டர்ன் கிடையாது, போர்டுல எழுதியிருக்கே." டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதற்கிடையில் அறுபது புஷ் ஆர்டர் ஒன்று வேறு பட்டறைக்குப் போய்விட்டது. அதை இந்த 18,500 கணக்கில் நான் சேர்க்கவில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. நேம் பிளேட் இல்லாத மோட்டாரைத் தொடாதீர்கள். டெர்மினல் பாக்ஸைத் திறக்கச் சொல்லி ஆறு வயர் வருகிறதா என்று எண்ணுங்கள். ட்ரைவில் கிலோவாட்டை விட அவுட்புட் ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள், ஸ்டிக்கரைச் சுரண்டியும் பாருங்கள். பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் போட்டுவிடாதீர்கள், ட்ரைவ் போய்விடும். மரையில் ஏறும் சக் என்றால் ரிவர்ஸும் வேண்டாம், சட்டென்று நிற்கும்படி செட்டிங்கும் வேண்டாம். சக் கழன்று மேலே வந்து விழும். பில் வாங்குங்கள், ஜி.எஸ்.டி. எவ்வளவானாலும்.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதும், அந்த வீடியோவும், இரண்டு ஸ்டிக்கரின் போட்டோவும்தான் கையில் இருக்கின்றன. பழைய ஒரு ஹெச்.பி. மோட்டாரை மறுபடி மாட்டிவிட்டேன்.