தங்கமா, ஜெம்மா, கோளமா: மூன்று விளையாட்டுகளின் நாணய முறைகள்

இணையவழி மாய உலக விளையாட்டுகளில் நாணயம் எப்படிக் கிடைக்கிறது என்பதைவிட, அது எப்படி அழிகிறது என்பதை வைத்தே அவற்றின் பொருளாதாரத்தை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் தங்கம் யாருடைய பையிலிருந்தும் வருவதில்லை. விளையாட்டே அதைப் புதிதாக உருவாக்குகிறது. உருவாகும் அளவுக்கு அழியாவிட்டால் விலைவாசி ஏறிக்கொண்டே போகும். விடுதியில் விடிய விடிய விளையாடும் கோவைக் கல்லூரி மாணவர் அதைச் சமாளித்துவிடுவார். பின்னலாடை நிறுவனத்தில் ஷிப்ட் முடித்து இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே உட்கார முடிகிற திருப்பூர்க்காரரால் முடியாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 100 செம்பு ஒரு வெள்ளி, 100 வெள்ளி ஒரு தங்கம். ஏலக்கூடத்தில் விற்கும் பொருளுக்கு 5 சதவீதம் பிடித்தம் உண்டு. ஆயுதம் பழுதுபார்க்கவும் பறந்து செல்லவும் கொஞ்சம் செலவாகும். இவை போதவில்லை என்பதால்தான் 2018இல் ஏலக்காரரை முதுகில் சுமந்து வரும் ஒரு ராட்சத வாகன விலங்கை 50 லட்சம் தங்கத்துக்கு விற்றார்கள். செல்வந்தர்களிடம் குவிந்த தங்கத்தை உறிஞ்ச அது நல்ல வழி. ஆனால் 2024இல் அதே வசதியுள்ள இன்னொரு விலங்கை 90 டாலருக்கு, உண்மைப் பணத்துக்கே விற்றது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை. தங்கத்தை அழிக்கக் கிடைத்த வாய்ப்பு வீணாயிற்று. 2015இல் வந்த டோக்கன் வேறு வகை. 20 டாலர் கொடுத்து ஒருவர் வாங்கும் டோக்கனை இன்னொருவர் தங்கம் கொடுத்து வாங்கி, 30 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். நேரம் இருப்பவருக்கு இது இலவச ஆட்டம். நேரம் இல்லாதவரோ மாதம் 15 டாலர் கட்டியே தீர வேண்டும்.

கில்ட் வார்ஸ் 2இல் மாதச் சந்தாவே கிடையாது. சந்தையில் ஒரு பொருளை 10 தங்கத்துக்கு வைத்தால், பட்டியலிடும்போதே 5 சதவீதமாக 50 வெள்ளி கழிந்துவிடும்; விற்ற பிறகு 10 சதவீதமாக ஒரு தங்கம் போகும்; நிகரமாக 8 தங்கம் 50 வெள்ளிதான் மிஞ்சும். மனம் மாறிப் பொருளைத் திரும்ப எடுத்தாலும் அந்த 50 வெள்ளி திரும்பாது. கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், ஒவ்வொரு விற்பனையிலும் தங்கம் உலகைவிட்டே வெளியேறுவதால் இது மிகச் சரியான ஏற்பாடு. விளையாட்டின் கடையில் செலவிட உண்மைப் பணத்துக்கு வாங்கும் ஜெம் என்ற நாணயத்தைத் தங்கமாகவும், தங்கத்தை ஜெம்மாகவும் இரு திசையிலும் மாற்றலாம்; எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அதற்கேற்ப விகிதம் நகரும்.

பாத் ஆஃப் எக்ஸைல் 2013இல் தங்கமே இல்லாமல் வந்தது. அங்கே கேயாஸ் ஆர்ப், டிவைன் ஆர்ப் போன்ற கோளங்களே பணம். அவையே ஆயுதத்தின் தன்மைகளை மாற்றும் பொருள்களும்கூட. ஈரோட்டுச் சந்தையில் மஞ்சளையே விலையாகக் கொடுத்துச் சரக்கு வாங்கி, மீந்த மஞ்சளைக் குழம்பில் போட்டுத் தீர்ப்பதைப் போன்றது இது. பயன்படுத்தினால் கோளம் தானாகவே அழிந்துவிடுவதால் தனியாக வரி தேவைப்படவில்லை. அத்துடன் சில மாதங்களுக்கு ஒருமுறை லீக் எனப்படும் புதிய ஆட்டப் பருவம் தொடங்கும்போது, அதில் சேரும் அனைவரும் வெறுங்கையுடன்தான் ஆரம்பிக்க வேண்டும். கருத்தளவில் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் எந்தக் கோளத்துக்கு எத்தனை கோளம் என்ற மாற்றுவிகிதம் நாள்தோறும் மாறுவதால் புதியவர் எளிதில் ஏமாறுவார். கோளங்களை நேரடியாக மாற்றிக்கொள்ளும் பரிமாற்றச் சந்தை 2024இல்தான் வந்தது. அதற்கான கட்டணத்துக்கும் பயன்படும், பிறருக்குக் கைமாற்ற முடியாத தங்கமும் அப்போதுதான் சேர்ந்தது.

லீக்கின் முதல் வாரத்தில் முழு நேரமும் இறங்க முடிகிற மாணவருக்கு எக்ஸைலைத் தயங்காமல் சொல்வேன். வேலைக்குப் போகிறவருக்கு கில்ட் வார்ஸ் 2 தான் பொருந்தும். சில வாரம் விளையாடாமல் விட்டாலும் சந்தா வீணாவதில்லை. அங்கேயும் ஜெம்மின் தங்க விலை 2012இல் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது. 15 சதவீதப் பிடித்தம் ஏற்றத்தை மெதுவாக்கியதே தவிர நிறுத்தவில்லை. ஜெம் கடையில் ஏதேனும் வாங்கும் எண்ணம் இருப்பவர், தங்கத்தைச் சேர்த்து வைத்துக் காத்திருக்காமல் அவ்வப்போது ஜெம்மாக மாற்றிவிடுவது நல்லது.