வெள்ளி நனோ துணிக்கை: ஏகார் தட்டா, திரவ ஊடகமா?

இலைச்சாற்றையும் வெள்ளி நைத்திரேற்றையும் கலந்து செய்யும் வெள்ளி நனோ துணிக்கை (மிக நுண்ணிய வெள்ளித் துகள்) பற்றீரியாவைக் கொல்கிறதா என்று கொழும்பில் இறுதியாண்டு ஆய்வுக்குப் பார்க்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஏகார் தட்டில்தான் (பற்றீரியா வளரும் கூழ் ஊற்றிய தட்டு) தொடங்குகிறார்கள். காரணம் புரிகிறது. முல்லர் ஹின்டன் என்ற வகை ஏகாரை 4 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றி, பற்றீரியாவைப் பூசி, 6 மி.மீ. வட்டத்தாளில் கரைசலைச் சொட்டி 35 பாகையில் வைத்தால் மறுநாள் தாளைச் சுற்றிப் பற்றீரியா வளராத வளையம் தெரியும். அடிமட்டத்தால் அளக்கலாம். செலவும் குறைவு.

ஆனால் அந்த வளையம் கொல்லும் வலிமையை மட்டும் காட்டுவதில்லை, ஏகாருக்குள் பரவும் வேகத்தையும் சேர்த்தே காட்டுகிறது. நுண்ணுயிர்கொல்லி மருந்தின் சிறிய மூலக்கூறுகள் இலகுவாகப் பரவும். நனோ துணிக்கை பெரியது, போட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. அதிலிருந்து கழன்று வரும் வெள்ளி அயன்களும் வழியிலேயே குளோரைட்டோடும் புரதங்களோடும் பிணைந்துவிடும். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய வல்லாரையில் நான் செய்த துணிக்கைக்கு 9 மி.மீ. வளையம்தான் வந்தது. மருந்து வில்லைக்கு 20. "வலிமை குறைவு" என்று எழுதியும் விட்டேன். அப்புறம் திரவ ஊடகத்தில் போட்டுப் பார்த்தபோது குறைந்த செறிவிலேயே குழிகள் பற்றீரியா வளராமல் தெளிவாக இருந்தன. அந்த வரியை அழித்தேன்.

திரவ முறையில் 96 குழித் தட்டில் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகிறோம். குழிக்குள் மி.லீ.க்கு ஏறக்குறைய 5 இலட்சம் கலங்கள். துணிக்கை பற்றீரியாவை நேரே சந்திக்கிறது. கிடைப்பது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு, மைக்ரோகிராம் கணக்கில், அதை இரண்டு மாதிரிகளுக்கிடையே ஒப்பிடலாம். தொல்லையும் உண்டு: துணிக்கையின் மஞ்சள் பழுப்பு நிறம் பற்றீரியா வளர்ந்த கலங்கலை மறைக்கும், ஊடகத்தின் உப்பில் துணிக்கைகள் திரளும். அதனால் பற்றீரியா இல்லாத குழி ஒன்றை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். தெளிந்த குழிகளிலிருந்து எடுத்து ஏகாரில் பூசுங்கள். 99.9 வீதம் செத்திருந்தால்தான் அது கொல்லும் செறிவு, இல்லாவிட்டால் வளர்ச்சியைத் தடுத்தது மட்டும்தான்.

எந்த முறையானாலும் இலைச்சாற்றைத் தனியாகவும் வெள்ளி நைத்திரேற்றைத் தனியாகவும் கட்டாயம் போட வேண்டும். தாக்கமடையாமல் மிஞ்சிய நைத்திரேற்றே எல்லாவற்றையும் கொன்றிருக்கலாம். துணிக்கையைச் சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் திரவத்தையும் சோதியுங்கள்.

நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் நான் திரவ முறையையே எடுப்பேன். பத்து இலைகளில் எது வேலை செய்கிறது என்று முதலில் வடிகட்ட மட்டும் ஏகார் தட்டு போதும்.