டமியா பச்சை மூடி சிமென்ட்: ரெண்டு பாட்டில் காலி பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டுற டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், அதாவது பச்சை மூடி போட்ட அந்த 40 மில்லி கண்ணாடி பாட்டில் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. மூணாவது பாட்டில இப்ப தான் திறந்திருக்கேன், சரி இப்பவும் விட்டா எழுதவே மாட்டேன்னு உக்காந்துட்டேன். கார் கிட் மட்டும் பண்றவங்களுக்கும் இது உதவும், ஆனா இதோட அருமை எனக்கு முழுசா புரிஞ்சது ஒரு 1/25 டிரக் (நெஜ வண்டில இருபத்தஞ்சுல ஒரு பங்கு அளவு) பண்ணும்போது தான், நீளமா மூக்கு வச்ச அமெரிக்க டிரக், பத்து சக்கரம். அதனால அந்த வண்டிய வச்சே சொல்றேன்.

வாய்ப்பழக்கத்துல இத பசைனு சொல்றோம், ஆனா உள்ள இருக்கிறது கரைப்பான். அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் கலந்தது, பார்க்க தண்ணி மாதிரி இருக்கும். நம்ம கிட் எல்லாம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், அது மேல இது பட்டதும் மேல்தோல் கரையும், ரெண்டு பார்ட்டும் கரைஞ்ச இடத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கும், கொஞ்ச நேரத்துல கரைப்பான் ஆவியா போயிடும், மிஞ்சுறது ஒரே பிளாஸ்டிக். நடுவுல பசைனு ஒரு படலமே கிடையாது. இரும்புல வெல்டிங் எப்படியோ அப்படி.

இதனால வேலை செய்ற வரிசையே மாறிடுது. ட்யூப் பசைல பழகுனவங்க மொதல்ல பார்ட்ல பசைய தடவி, அப்புறம் சேர்த்து, வெளிய பிதுங்கி நூல் நூலா இழுக்கிறத தொடைச்சுன்னு படாத பாடு படுவோம். இதுல மொதல்ல ரெண்டு பார்ட்டையும் காஞ்சபடியே சேர்த்து பிடிக்கணும், கோணல் இருக்கா இடுக்கு இருக்கான்னு நிதானமா பார்த்து, எல்லாம் சரியா உக்காந்ததுக்கு அப்புறம் மூடில இருக்கிற பிரஷ்ஷ இணைப்புல ஒரு ஓரத்துல லேசா தொட்டா போதும். அது தானா அந்த இடுக்கு வழியா ஓடும். கண்ணு முன்னாடி ஒரு ஈரக்கோடு சர்ருன்னு அந்த பக்கம் வரைக்கும் போறது தெரியும். எத்தனை தடவ பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்ல.

இப்ப டிரக்குக்கு வரேன். கார்ல பாடி தான் ராஜா, அடில கொஞ்சம் கோணல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. டிரக்ல அப்படி இல்ல, ரெண்டு நீள சட்டமும் நடுவுல குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த அந்த ஏணி மாதிரி சேசிஸ் தான் எல்லாமே, அதுல அரை மில்லிமீட்டர் முறுக்கு விழுந்தா கூட கடைசில ஒரு சக்கரம் தரைய தொடாம அந்தரத்துல நிக்கும், மேல எவ்ளோ அழகா பெயின்ட் அடிச்சிருந்தாலும் கண்ணு நேரா அந்த சக்கரத்துக்கு தான் போகும். எனக்கு வந்த கிட் பழைய மோல்டுல மறுபடி அடிச்சது, கம்பெனி பேரு வேணாம், ஒரு சட்டம் பெட்டியிலயே வில்லு மாதிரி வளைஞ்சு தான் வந்துச்சு. பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. ஆனா எப்படியும் சேசிஸ நீட்டி, கேபினுக்கு பின்னாடி பெரிய படுக்கை அறை வச்ச மாதிரி மாத்தணும்னு தான் பிளான், அதனால வெட்ட வேண்டிய இடத்த அந்த வளைவு ஆரம்பிக்கிற இடத்துலயே வச்சுக்கிட்டேன்.

நீட்டுனது 40 மில்லிமீட்டர். 1/25ல அது நெஜ வண்டிக்கு சரியா ஒரு மீட்டர். சட்டத்த நேரா குறுக்க வெட்டாம படிக்கட்டு மாதிரி வெட்டணும், அப்ப தான் சேர்க்கிற துண்டுக்கு ஒட்ட இடம் நெறைய கிடைக்கும். சட்டம் சி எழுத்து மாதிரி குழிவா இருக்கும் இல்லையா, அந்த குழிக்குள்ள எவர்கிரீன் கம்பெனி பாலிஸ்டைரீன் பட்டைய அளவா வெட்டி, இணைப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர் தாண்டி போற மாதிரி உள்ள வச்சேன். அப்புறம் முழு சேசிஸையும் ஒரு கண்ணாடித் தகடு மேல வச்சு, ஸ்டீல் ஸ்கேல பக்கத்துல முட்டுக் கொடுத்து, எல்லாம் நேரா இருக்குன்னு ஆனதுக்கு அப்புறம் தான் பிரஷ்ஷ தொட்டேன். மொதல்ல ஒவ்வொரு இணைப்புலயும் ஒரே ஒரு பொட்டு. அது கொஞ்சம் பிடிச்சதும் ஒரு நிமிஷம் போல இன்னும் இளக்கமா தான் இருக்கும், அந்த நேரத்துல நாலு மூலையையும் விரலால அமுக்கி ஆட்டம் இருக்கான்னு பார்த்து லேசா திருத்திக்கலாம். திருப்தி ஆனதும் மிச்ச நீளத்துக்கும் ஓட விட்டேன், ராத்திரி முழுக்க அத தொடவே இல்ல.

மறுநாள் சட்டத்த ரெண்டு கையால பிடிச்சு மெதுவா வளைச்சு பார்த்தேன், கொஞ்சம் பயத்தோட தான். ஒட்டுன இடம்னு தனியா ஒண்ணு தெரியல, முழு சட்டமும் ஒண்ணா வளைஞ்சு ஒண்ணா திரும்பி வந்துச்சு. சூப்பர் க்ளூ போட்டு இதே மாதிரி ஒரு சேசிஸ முன்னாடி நீட்டிருந்தேன், அது கைதவறி மேசைல விழுந்ததும் ஒட்டுன இடத்துல பட்டுனு விட்டுடுச்சு, அது கெட்டியா பிடிக்கும் ஆனா திடீர் அடி தாங்காது. டிரக் சேசிஸுக்கு நான் திரும்ப அத தொட மாட்டேன்.

அடுத்தது டீசல் டேங்க். டிரக் கிட் பண்ணவங்களுக்கு இந்த வலி தெரியும். நீளமான உருளை டேங்க், அத ரெண்டு பாதியா பிரிச்சு, போதாததுக்கு பளபளன்னு குரோம் முலாம் பூசி கொடுத்திருப்பாங்க. குரோம் மேல இந்த சிமென்ட் வேலையே செய்யாது, முலாமுக்கு கீழ இருக்கிற பிளாஸ்டிக்க தொட்டா தானே கரைக்கும். சேர்ற விளிம்புல மட்டும் கத்தியால சுரண்டிட்டு ஒட்டலாம், புகைபோக்கி தாங்கி மாதிரி சின்ன பார்ட்டுக்கு அது போதும். ஆனா டேங்க் நடுவுல ஓடுற அந்த கோடு அப்படியே நிக்கும், அத தேய்க்கப் போனா குரோமும் சேர்ந்து போயிடும். அதனால நான் துணி வெளுக்கிற பிளீச்ல ரெண்டு பாதியையும் போட்டு முலாம கழட்டிட்டேன், அதுக்கு கீழ இன்னொரு லாக்கர் பூச்சு மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையும் விளிம்புல இருந்து எடுத்தா தான் சிமென்ட் பிடிக்கும். பிளீச் வேலைய ஜன்னல் திறந்து கையுறை போட்டு செய்யுங்க, வேற எந்த கெமிக்கலோடயும் கலக்கவே கூடாது.

அதுக்கு அப்புறம் நடந்தது தான் இந்த பாட்டிலோட உண்மையான வித்தைன்னு சொல்லுவேன். ரெண்டு பாதியையும் சேர்த்து, கோடு முழுக்க கொஞ்சம் தாராளமாவே ஓட விட்டு, சில நொடி பொறுத்து, ரெண்டு பக்கமும் அமுக்கினேன். கரைஞ்ச பிளாஸ்டிக் கோடு நெடுக மெல்லிசா ஒரு வரப்பு மாதிரி பிதுங்கி மேல வந்துச்சு. அத தொடைக்கக் கூடாது, அது தான் நமக்கு இடுக்கு அடைக்கிற புட்டி (putty). ஒரு வாரம் காய விட்டு, கத்தி முனைய சாய்ச்சு பிடிச்சு சுரண்டி, உப்புத்தாள்ல 400, 600, 1000ன்னு தேய்ச்சா கோடு எங்க இருந்துச்சுன்னே சொல்ல முடியாது. அதே பிளாஸ்டிக்ங்கிறதால தேயுறதும் ஒரே மாதிரி தேயும், புட்டி மாதிரி ஒரு பக்கம் குழியா ஒரு பக்கம் மேடா ஆகாது. மேல பளபள கருப்பு அடிச்சு, அது நல்லா காஞ்சதும் ஆல்கிளாட் குரோம் பெயின்ட்ட ஏர்பிரஷ்ல மெல்லிசா தூவுனேன். டேங்க்ல மேசை விளக்கு நெளியாம நேர்கோடா தெரியுது.

ஆனா காய விடுறதுல மட்டும் அவசரப்படாதீங்க, இத கொஞ்சம் அழுத்தி சொல்றேன். என்னோட ரெண்டாவது கார் கிட்ல கூரை இணைப்ப இப்படி ஒட்டி, சாயங்காலமே தேய்ச்சு மறுநாள் பெயின்ட் அடிச்சிட்டேன். அன்னிக்கு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு வெளிச்சத்துல பார்த்தா அந்த கோடு மெல்லிசா பள்ளமா திரும்பி வந்திருக்கு. அசிட்டோன் சீக்கிரம் போயிடும், பியூட்டைல் அசிடேட் நிதானமா தான் போகும், உள்ள மாட்டுனது வெளியேறுற வரைக்கும் பிளாஸ்டிக் சுருங்கிக்கிட்டே இருக்கும். அது முழுக்க என் அவசரம் தான். இப்ப தாராளமா ஓட விட்ட இணைப்புன்னா குறைஞ்சது ஒரு வாரம் தள்ளி வச்சிட்டு வேற பார்ட்டுக்கு போயிடுறேன்.

இன்னொரு ஆபத்து விரல். இணைப்பு மேல விரல் இருந்தா சிமென்ட் இடுக்கோட நிக்காது, விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல நுழைஞ்சிடும், எடுத்தா கைரேகை அச்சா பதிஞ்சிருக்கும். படுக்கை அறை பக்கச் சுவர்ல எனக்கு அப்படி ஆச்சு. அந்த நேரத்துல கை தானா தொடைக்கப் போகும், தொடைச்சா தேஞ்சு பெரிய காயம் ஆயிடும், அப்படியே கீழ வச்சிட்டு நகர்ந்துடுங்க. ஒரு நாள் கழிச்சு கெட்டியானதும் 600ல ஆரம்பிச்சு தேய்ச்சு, மிஸ்டர் சர்ஃபேசர் 1000 பிரைமர் அடிச்சேன், தடமே இல்ல. மாஸ்கிங் டேப்பும் அதே கதை தான், டேப்ப இணைப்பு மேல குறுக்க ஒட்டி பிடிச்சா அதுக்கு அடியிலயும் ஓடும். இணைப்புல இருந்து தள்ளி ஒட்டுங்க, இல்ல கிளிப் போடுங்க.

எங்க இது உதவாதுன்னும் சொல்லிடணும். ரெசின் பார்ட், பித்தளை எட்ச் பார்ட், ரப்பர் டயர் எதுலயும் பிடிக்காது. பெயின்ட் அடிச்ச இடத்துலயும் சுரண்டிட்டு தான் ஒட்டணும். கண்ணாடிக்கு பதிலா வர்ற தெளிவான பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, ஒரு சொட்டு போதும் விண்ட்ஷீல்ட் நாசமாக, அதுக்கு காஞ்சா நிறமில்லாம போற வெள்ளை பசை தான். டயர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, பழைய கிட்ல வர்ற வினைல் டயர பெட்டிக்குள்ள கண்ணாடி பார்ட்டோட சேர்த்து வைக்காதீங்க, அதுல இருந்து கசியுற எண்ணெய்ப் பொருள் பாலிஸ்டைரீன மெதுவா அரிச்சிடும், கிட் வந்ததுமே டயர தனி கவர்ல போட்டுடுங்க.

டமியாலயே வெள்ளை மூடி சிமென்ட் ஒண்ணு இருக்கு, அது கொஞ்சம் கெட்டி, உள்ள பிளாஸ்டிக் கரைச்சு கலந்திருக்கும், முன்கூட்டியே தடவி வச்சு ஒட்டுற பெரிய பரப்புக்கு, உதாரணமா எஞ்சின் பிளாக் ரெண்டு பாதிக்கு, நான் அத தான் எடுக்கிறேன். எக்ஸ்ட்ரா தின்லயே சீக்கிரம் இறுகுற வகையும் வருது, சின்ன பார்ட்டுக்கு அருமை, ஆனா சேசிஸ் மாதிரி பார்த்துப் பார்த்து திருத்துற வேலைக்கு சாதா பச்சை மூடி தான் நமக்கு நேரம் கொடுக்கும். கண்ணாடித் துடைப்பான் கை, கைப்பிடி மாதிரி பொடிசுகளுக்கு மெல்லிய பிரஷ் ஒண்ணு தனியா வச்சுக்கங்க. வாடை கடுமையா இருக்கும், தீ பிடிக்கிற திரவம், அதனால காத்தோட்டமான இடம், பக்கத்துல நெருப்பு கூடாது. ஒட்டாத நேரத்துல மூடிய திருகியே வைங்க, திறந்து வச்சா அளவு இறங்கிட்டே போகும்.

காலியான பாட்டில தூக்கிப் போடாதீங்க. அடில கொஞ்சம் சிமென்ட் மிச்சம் வச்சு, அதே கிட்டோட ஸ்ப்ரூவ (பார்ட் எல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டகம்) பொடிப்பொடியா வெட்டிப் போட்டு ரெண்டு நாள் விட்டா தேன் பதத்துக்கு கரைஞ்சு நிக்கும். அச்சுல விழுந்த குழி, எஜெக்டர் பின் (அச்சுல இருந்து பார்ட்ட தள்ளுற ஊசி) விட்ட வட்டம் எல்லாம் அடைக்க அத விட நல்ல புட்டி எனக்கு அமையல. என் முதல் பாட்டில் வெள்ளை பிளாஸ்டிக்குக்கு, ரெண்டாவது இப்ப சாம்பல் நிறத்துக்கு. அந்த டிரக்கோட சட்டத்துல பின்பக்கம் இன்னும் நாலு எஜெக்டர் பின் வட்டம் பாக்கி இருக்கு, இன்னிக்கு ராத்திரி அத அடைக்கணும்.