பொதிக்கு ஒரு பக்கமா, எல்லாம் ஒரே பக்கமா?

மூலநிரலிலிருந்தே லினக்ஸைக் கட்டியெழுப்பச் சொல்லித்தரும் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ கையேடு இரண்டு வடிவில் கிடைக்கிறது: பொதிக்கு (அதாவது ஒவ்வொரு மென்பொருள் தொகுப்புக்கும்) ஒரு பக்கம், அல்லது மொத்தமும் ஒரே நீளப் பக்கம்.

நான் தனிப்பக்கத்தின் கட்சி. நிரலை இயங்கும் கோப்பாக மாற்ற உதவும் கருவிகளின் பொதியான பின்யூட்டில்ஸின் பக்கத்தைத் திறந்தால், அதைக் கட்ட எவ்வளவு நேரம், எவ்வளவு வட்டிடம் என்று மேலேயே இருக்கிறது. நேரத்தை நிமிடத்தில் சொல்வதில்லை; பின்யூட்டில்ஸின் முதற்கட்டம் உங்கள் கணினியில் எடுக்கும் நேரம்தான் 1 எஸ்பியு (கட்டும் நேரத்துக்கான அலகு), மற்றவை அதன் மடங்கு. என் கிழட்டு மடிக்கணினிக்கும் இந்த அளவுகோல் பொருந்துகிறது.

இதே பின்யூட்டில்ஸ் மூன்று முறை கட்டப்படுகிறது. முதல் முறை டூல்ஸ் என்ற அடைவுக்கு (கோப்புறைக்கு) போகும். பிறகு இரண்டு முறையும் யூஎஸ்ஆர் அடைவுக்கு. ஒரே பக்கத்தில் தேடி, இரண்டாம் கட்டத்தின் கட்டளையை முதற்கட்டத்தில் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான். தனிப்பக்கமாக இருந்திருந்தால் தலைப்பே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.

நீளப் பக்கத்துக்கும் ஒரு பலம் உண்டு. ஒரு கோப்பின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று ஒரே தேடலில் பிடித்துவிடலாம். அதனால் அதையும் இறக்கி வைத்திருக்கிறேன், தேடுவதற்கு மட்டும்.