ஜின் லேனா, மதுக்கூடமா: ஹோகார்த் நகலில் எதைக் கையால் வரையச் சொல்வது?

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் குடிக் காட்சிகளில் இரண்டை, ஆளை வைத்துக் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொல்லி வாங்கியிருக்கிறேன். முதலில் ‘ஜின் லேன்’, ஒன்றரை வருடம் கழித்து ‘எ ரேக்ஸ் ப்ராக்ரெஸ்’ (ஒரு ஊதாரியின் சீரழிவைச் சொல்லும் எட்டுப் படங்கள்) வரிசையின் மூன்றாவது படமான மதுக்கூடக் காட்சி. இன்று ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது கேட்டால் மதுக்கூடத்தையே வாங்கச் சொல்வேன்.

விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டம் நிறைந்த படங்கள், முகங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் கூலி சொல்கிறார்கள். இரண்டுமே சுருட்டித்தான் வந்தன, உள்ளூரில் சட்டம் அடித்துக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜின் லேனுக்கு ஹோகார்த் வரைந்த எண்ணெய் ஓவியம் என்று ஒன்று கிடையாது. 1751 பிப்ரவரியில் ‘பீர் ஸ்ட்ரீட்’டோடு ஜோடியாகச் செப்புத்தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, தாளில் அச்சடித்து, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார். ஜின் குடித்து அழிந்துகொண்டிருந்த ஏழை எளிய மக்களிடம் போய்ச் சேரவேண்டும், அதனால் முடிந்த அளவு மலிவாக வெளியிடுகிறேன் என்று விளம்பரத்திலேயே சொன்னார். அந்தப் படத்தில் நிறமே இல்லை. அப்படியானால் நமக்கு வரைந்து தருகிறவர் நிறத்துக்கு எதைப் பார்ப்பார்? தானே யோசித்துப் போடுவார். எனக்கு வந்த படத்தில் படிக்கட்டில் போதையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பளீரென்ற சிவப்புச் சால்வை, மேலே மாலை வெயில் மாதிரி மஞ்சள் வானம். படம் காட்டும் லண்டன் செயின்ட் ஜைல்ஸ் சேரியின் பட்டினி முழுக்க அந்த மஞ்சளில் கரைந்துபோயிருந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு எழுத்துகள். ஹோகார்த்தின் படங்களைப் பார்க்க மட்டும் முடியாது, வாசிக்கவும் வேண்டும். நிலவறைச் சாராயக்கடை வாசலுக்கு மேலே ‘ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்குச் செத்த போதை, சுத்தமான வைக்கோல் இலவசம்’ என்ற பொருளில் எழுதியிருக்கும். சாராயம் விற்பவன் பெயர் கில்மேன், அடகுக்கடைக்காரன் பெயர் க்ரைப். எலும்பும் தோலுமாகச் சாய்ந்து கிடப்பவனின் கூடையில் ஜின்னுக்கு எதிரான பாட்டுத்தாள் தொங்கும். மூலம் ஏறத்தாழ ஒன்றேகால் அடி உயரம்தான், அதற்குள் இவ்வளவையும் கூரான கோட்டில் அடக்கியிருக்கிறார். அதையே இரண்டே முக்கால் அடி கான்வாஸுக்குப் பெரிதாக்கித் தூரிகையால் தீட்டும்போது நிழலுக்காகப் போட்ட நெருக்கமான கோடுகள் எல்லாம் ஒரே சாம்பல் பூச்சாகிவிட்டன. எழுத்து இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளிகள். வரைந்தவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு அனுப்பப்பட்ட கோப்பு அப்படி.

மதுக்கூடக் காட்சியில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அது பிறந்ததே எண்ணெய் வண்ணத்தில். 1730களின் முற்பாதியில் ஹோகார்த் தன் கையால் தீட்டிய எட்டு ஓவியங்களில் அது ஒன்று. அச்சுகள் பிறகு 1735இல்தான் வந்தன. எட்டையும் 1802இல் 570 கினி (அன்றைய ஆங்கிலப் பொன் நாணயம்) கொடுத்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஸோன் வாங்கினார் (ஏலத்துக்குப் போய் எடுத்தது அவர் மனைவி எலைசா). இன்றும் லண்டனில் அவருடைய வீட்டு அருங்காட்சியகத்தில், கதவு மாதிரித் திறக்கும் சுவர்ப் பலகைகள் உள்ள அறையில் இருக்கின்றன. வரைகிறவர் பார்த்து வரைய ஒரு மூலம் இருக்கிறது, தூரிகை எங்கே அழுந்தியது என்பதுவரை தெரிகிற நல்ல படங்களும் கிடைக்கின்றன.

அந்தப் படத்தில் நிறம்தான் பாதிக் கதையைச் சொல்கிறது. லண்டன் ட்ரூரி லேனில் ரோஸ் என்ற மதுக்கூடம், விடியற்காலை மூன்று மணி. அப்பன் சேர்த்த பணத்தை அழித்துக்கொண்டிருக்கும் டாம் ரேக்வெல் கால் நீட்டிச் சாய்ந்திருக்கிறான், அவனைத் தடவிக்கொடுக்கிறவளே அவன் கடிகாரத்தை உருவி அடுத்தவளிடம் தருகிறாள். போதையில் சிவந்த கன்னங்கள், நோய்ப் புண்ணை மறைக்க முகத்தில் ஒட்டிய கறுப்புப் பொட்டுகள், பின்னால் ஒருத்தி மெழுகுவர்த்தியால் உலக வரைபடத்துக்கே தீ வைக்கிறாள். சுவரில் ரோமப் பேரரசர்களின் படங்களில் தலைகள் வெட்டப்பட்டிருக்கின்றன, நீரோவின் தலை மட்டும் பத்திரமாக இருக்கிறது. என் நகலில் நீரோவின் முகம் கொஞ்சம் சப்பையாக வந்திருக்கிறது. மற்றபடி அந்த மெழுகுவர்த்தி வெளிச்சம் இரவில் கூடத்து விளக்கைக் குறைத்தால் இன்னும் அழகாகத் தெரிகிறது.

வரையக் கொடுக்கும்போது மூலத்தின் அளவையே கேளுங்கள், சுமார் 62க்கு 75 செ.மீ. பெரிதாக்கினால் முகங்கள் ஊதிப்போகும். பாதி வேலையில் டாமின் முகம், கடிகாரம் கைமாறும் இடம் இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அங்கே சரியாக இருந்தால் மீதியும் சரியாக இருக்கும். வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம், எண்ணெய் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். நான் ஆறு மாதம் விட்டுத்தான் அடித்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் ஆகிறது, பத்து வருடத்தில் நிறம் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டில் மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுக்கூடத்தில் ஆடை கழற்றும் பெண் இருக்கிறாள், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஒரு தயக்கம்தான். ஆனால் ஜின் லேனில் தாயின் கையிலிருந்து நழுவித் தலைகீழாக விழும் குழந்தை இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே அதை மாட்டிய நான்காம் நாள் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். “அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கிட்டு எப்படிப்பா சோறு இறங்கும்?” என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தான் ஹோகார்த் அதைச் செதுக்கினார் என்பதால் எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

அதனால் ஜின் லேன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தாளில், கறுப்பு வெள்ளையில், மூல அளவிலேயே நல்ல அச்சாக வாங்கி, கண்ணாடி போட்டு, கூடவே பீர் ஸ்ட்ரீட்டையும் மாட்டுங்கள். நான் இப்போது எழுதும் மேசைக்கு மேலே அப்படித்தான் வைத்திருக்கிறேன், கில்மேன் பெயர் தெளிவாகப் படிக்க முடிகிறது.